டேர்போ நேசனுக்கு வந்த அபராதக் கடிதம்

1

காணாமல்போன ஒருவருக்கு, வேகமாகக் கார் ஓட்டியதற்கான அபராதக் கடிதம் இந்தப் பங்குனியில் வந்தது. கடிதம் வந்தது வெள்ளிக்கிழமை, நான் அதைப் பார்த்தது மறுநாள் சனிக்கிழமை. இரண்டையும் பிரித்துச் சொல்வதற்குக் காரணம், திகதி விஷயத்தில் எனக்குள்ள பிடிவாதம். பாரிஸுக்கு வந்த எங்கள் ஆட்களில் யார் எந்த ஆண்டு வந்து இறங்கினார், யாருடைய கடை எந்த மாதம் திறந்தது, எது எப்போது பூட்டியது என்று எழுதி வைப்பது என் பொழுதுபோக்கு. ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இங்கே எங்கள் சரித்திரத்தை எழுத வேறு ஆளில்லை.

ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில், பாரிஸில் எங்கள் கடைகள் நிறைந்த லா ஷப்பலுக்குப் போய்விடுவேன். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் முனையில் ஒரு பலசரக்குக் கடை. அதன் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கும் வெங்காயப் பெட்டிகளுக்கும் நடுவில் எனக்கு ஒரு சின்ன மேசை போட்டிருக்கிறார்கள். பிரெஞ்சில் வரும் கடிதங்களை ஆட்கள் கொண்டுவருவார்கள். நான் வாசித்துச் சொல்லி, பதில் எழுதிக் கொடுப்பேன். புதிதாக வன்னியில் இருந்து வந்த பிள்ளைகளுக்கு விசாப் பத்திரங்கள், பழையவர்களுக்கு ஓய்வூதியப் பத்திரங்கள். எல்லாரும் வரிசையில் காத்திருப்பார்கள்.

அன்று வசந்தி வரிசையைப் பார்க்காமல் நேரே வந்தாள். அவள் அப்படிச் செய்கிறவள் அல்ல. ஓட்டல் அறைகளைத் துப்புரவு செய்யும் வேலையில் இருந்து அப்படியே வந்திருந்தாள். கையில் திறந்த கடித உறை.

"அண்ணை, இதை ஒருக்கா வாசியுங்கோ. நான் வாசிச்சிட்டன். ஆனாலும் நீங்கள் வாசியுங்கோ."

வாசித்தேன். வடக்கே போகும் நெடுஞ்சாலையில், விமான நிலையத்துக்குத் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அனுமதித்த வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓடியிருக்கிறது ஒரு கார். வீதிக் கமரா படம் எடுத்திருக்கிறது. காரின் இலக்கம் சரி. உரிமையாளர் பெயர் சிவநேசன். வசந்தியின் கணவன்.

நேசனைக் கடைசியாக நாங்கள் பார்த்து இருபது வருடம் ஆகப்போகிறது.

"ஆர் ஓடினது?" என்று கேட்டேன்.

"பேர் போட்டிருக்குத்தானே அண்ணை."

"அது காரின்ரை சொந்தக்காரர் பேர். அவங்களுக்கு ஆர் ஓடினது எண்டு தெரியாது."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே. அவங்கள் எழுதியிருக்கிறாங்கள்." கடிதத்தை வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்து, கைப்பையின் உள்பைக்குள் வைத்தாள். "படம் இருக்காம். எழுதிக் கேட்டால் அனுப்புவாங்களாம். எழுதித் தாங்கோ."

2

லா ஷப்பலில் நேசன் என்றால் எந்த நேசன் என்று கேட்பார்கள். டேர்போ நேசன் என்றால் கேட்க மாட்டார்கள்.

அவன் அந்தக் காரை வாங்கியது தொண்ணூறுகளின் கடைசியில். அப்போது ஓர் உணவகத்தில் சமையல்காரன். கோப்பை கழுவத் தொடங்கி மெல்ல மெல்ல அடுப்படிக்கு வந்தவன். அந்தக் காலத்தில் சம்பளத்தில் மிஞ்சியதை எங்கள் ஆட்கள் தங்கச்சியின் கல்யாணத்துக்கு அனுப்புவார்கள், சீட்டுக் கட்டுவார்கள், ஊரில் காணி வாங்குவார்கள். நேசனோ ஓர் அமெரிக்கக் காரைக் கொண்டுவந்து கடைக்கு முன்னால் நிறுத்தினான். எண்பத்தேழாம் ஆண்டு மொடல், கன்னங்கரேல் என்று. இரண்டே கதவு. நீண்ட மூக்கு. விளிம்பெல்லாம் அடிமட்டம் வைத்து வெட்டியதுபோல நேராக இருந்தது. பொனெற்றின் நடுவில் ஒரு புடைப்பு, அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் டேர்போ. உள்ளே வேகத்தை மைலில் காட்டும் முள். அந்த உடம்பைத் திருப்புவதற்குக்கூடப் போதாத தெரு அது. பார்க்க வந்த கூட்டம் போக்குவரத்தை மறித்துவிட்டது.

ஓடி வந்து நிறுத்தினால் எஞ்சினை உடனே அணைக்க மாட்டான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று ஒரு சிகரெட்டைப் பிடித்து முடிப்பான். கார் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும்.

"ஏன்ராப்பா, பெற்றோல் என்ன உன்ரை மாமனார் அனுப்பிறவரோ? நிப்பாட்டன்," என்று கடை முதலாளி கத்துவார்.

"பொறுங்கோ அண்ணை. மூச்சு வாங்கட்டும்."

அதற்குக் காரணமும் சொல்வான். எஞ்சினில் இருந்து வெளியேறும் சூட்டுக்காற்று ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்ற, அந்தச் சக்கரம் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும். அதுதான் டேர்போ. ஓடி வந்த கையோடு அது கொதித்துக்கொண்டிருக்கும். எஞ்சினை அப்போதே அணைத்தால் அதற்குள் நிற்கும் எண்ணெய் கருகிவிடும். பழைய டேர்போக் கார்களைக் கொல்வது ஓட்டம் அல்ல, அவசரமாக நிறுத்துவதுதான் என்பான். நிறுத்திய பிறகும் சூடு ஆறும் உலோகம் உள்ளே டிக், டிக் என்று கொஞ்ச நேரம் சத்தம் போடும். அதை அவன் கேட்டுக்கொண்டு நிற்பான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவனைத் திருத்த முடியவில்லை. சீற் பெல்ட் போட மாட்டான். பொலிஸ் நிற்கும் இடம் வந்தால் பட்டியை இழுத்து நெஞ்சுக்குக் குறுக்கே கையால் பிடித்துக்கொள்வான். தாண்டியதும் விட்டுவிடுவான். "கட்டிப்போட்ட மாடு மாதிரி என்னாலை ஓடேலாது," என்பான்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆனியில் கிளிநொச்சியில் தகப்பனுக்கு வருத்தம் கடுமையாகிவிட்டது. நேசனுக்கு அப்போது பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்திருந்தது, மகள் மயூரிக்கு இரண்டு வயது. போய் ஒரு மாதத்தில் வருவதாக ஏற்பாடு. விமான நிலையத்துக்குத் தானே ஓட்டிக்கொண்டு போனான். காரைத் திருப்பிக் கொண்டுவர நான் கூடப் போனேன். அங்கே அவன் இறங்க, நான் அவன் இருந்த இடத்துக்கு மாறினேன். நேசன் நல்ல உயரம். இருக்கையைக் கடைசி மட்டும் பின்னால் தள்ளி வைத்திருந்தான். என் கால் பிரேக்கை எட்டவில்லை. இருக்கையை முன்னால் இழுத்தேன். அது கரகரவென்று ஒரு சத்தத்தோடு வந்தது.

"அண்ணை, ஸ்ரியரிங்கை நெஞ்சிலை முட்டக்கொடுத்தே ஓடப்போறியள்?" என்று யன்னலுக்குள் தலையை விட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். "வீட்டை போனதும் சீற்றைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடுங்கோ. நான் வந்த உடனை ஏறவேணும். மற்றது, போய் நிண்டதும் நிப்பாட்டிப் போடாதேங்கோ. வசந்தியிட்டையும் சொல்லுங்கோ, கிழமைக்கு ஒருக்காலாவது ஸ்ராட் பண்ணச் சொல்லி."

காருக்கு இரண்டு திறப்புகள். ஒன்றை என் கையில் தந்தான். மற்றதைத் தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு போனான்.

ஓகஸ்ட் மாதம் சண்டை மூண்டு, வன்னிக்குப் போகும் பாதை பூட்டப்பட்டது. உள்ளே போனவர்கள் உள்ளேயே நின்றார்கள். தொலைபேசி வரும், வராது. கடைசியாக அவன் குரலை வசந்தி கேட்டது இரண்டாயிரத்து ஒன்பது மாசியில். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கண்டவர் இல்லை, உடல் இல்லை, எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. பழைய அரச வம்சாவளிகளைப் படிக்கும்போது சில அரசர்களுக்குப் பட்டமேறிய ஆண்டு இருக்கும், முடிந்த ஆண்டு இருக்காது. எழுதியவரின் சோம்பல் என்று முன்பு நினைப்பேன். என் குறிப்புகளில் நேசனுக்கு வந்த நாள் உண்டு, போன நாள் உண்டு. அதற்குப் பக்கத்தில் வெறும் தாள்.

வசந்தி அவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யவில்லை. பொட்டும் தாலியும் அப்படியே. இங்கே ஒருவர் காணாமல்போனால் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, காலம் கடந்ததும் அவரை இல்லாதவராகத் தீர்ப்பு வாங்கலாம். அதற்கு முதல் கையெழுத்து மனைவியுடையது. அவள் போடவில்லை. போட்டால் அவர் இல்லை என்று முதலில் சொன்னவள் அவள் ஆகிவிடுவாள். கார் நேசன் பெயரில் நின்றது. காப்புறுதியை அவன் பெயரிலேயே ஒவ்வோர் ஆண்டும் கட்டினாள். லா கூர்னெவ்வில் அவர்களுடைய தொடர்மாடிக்குக் கீழே இருக்கும் நிலவறைக் கார்க்கூடும் அவன் பெயரில்தான். ஆண்டுக்கு ஒருமுறை, விஜயதசமியை ஒட்டி, எங்கள் பொடியன் ஒருவன் வந்து எண்ணெய் மாற்றிக் கொடுப்பான், வாகனப் பரிசோதனைக்கும் அவனே கொண்டுபோவான். பிரெஞ்சு அரசாங்கத்தின் கண்ணில் நேசன் ஓர் ஒழுங்கான மனிதர். எதையும் நேரத்துக்குக் கட்டுகிறார், எதற்கும் முறைப்பாடு இல்லை.

3

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நானும் வசந்தியுடன் அந்தக் கூட்டுக்குப் போனேன். வெள்ளிதோறும் வேலை முடிந்து வந்து அவள் காரை ஸ்ராட் பண்ணுகிறாள் என்று தெரியும். நேரில் பார்த்ததில்லை.

இந்த நாட்டு நிலவறைகளில் விளக்குக்குச் சுவரில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் எரியும், கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். நீங்கள் நடுவில் நின்றால் இருட்டில் நிற்க வேண்டியதுதான். நாங்கள் இரும்புக் கதவைத் தூக்கியபோது அது ஒருமுறை அணைந்தது. வசந்தி தடுமாறாமல் போய் அழுத்திவிட்டு வந்தாள்.

கார் அப்படியே இருந்தது. வெளியில் மழையும் உப்பும் பட்ட இதே வயதுக் கார்கள் எல்லாம் எப்போதோ பழைய இரும்பாகிப் போயிருக்கும். இதன் கறுப்பில் என் முகம் தெரிந்தது. எங்கள் பின்னால் இருந்த தூணும் தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை என்றாலும் நான் இன்னொரு தரம் பார்த்தேன்.

"கீழை பாருங்கோ," என்றாள் வசந்தி.

புது வாகனத்துக்குச் சில்லின் முன்னால் தேசிக்காய் வைத்து, அதை நசித்துக்கொண்டு புறப்படுவது எங்கள் வழக்கம். ஊரில் பார்த்திருப்பீர்கள். விஜயதசமிக்கு வசந்தியும் நாலு சில்லுக்கும் முன்னால் நாலு தேசிக்காய் வைப்பாள். இடையில் ஓட்ட ஆளில்லாததால் அவை அப்படியே காய்ந்து கறுத்துக் கல்லாகிவிடும். அடுத்த ஆண்டு எடுத்துவிட்டுப் புதியதை வைப்பாள். கமராவிலும் கடிதத்திலும் பிழை வரலாம் என்று நான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நாலு தேசிக்காயும் நசிந்து தரையோடு ஒட்டிக்கிடந்தன. கார் மட்டும் அதன் பழைய இடத்தில் நின்றது.

"நீ ஓடேல்லையே?"

"எனக்குக் கார் ஓட பெர்மி இல்லையெண்டு உங்களுக்குத் தெரியாதோ அண்ணை."

"மயூரி எடுத்திருப்பாளோ?"

"அவளோ? அவள் இதை அப்பான்ரை சவப்பெட்டி எண்டு பிரெஞ்சிலை சொல்லுவாள். கிட்டவும் வரமாட்டாள். திறப்பு சாமித்தட்டிலை வைச்ச இடத்திலைதான் இருக்கு."

கதவைத் திறந்து ஏறினாள். உடனே ஸ்ராட் பண்ணவில்லை. முதலில் குனிந்து இருக்கையை முன்னால் இழுத்தாள். அதே கரகரச் சத்தம். அந்தச் சத்தத்தை நான் அவ்வளவு காலம் நினைவில் வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு திறப்பைத் திருப்பினாள். ஒரே திருகலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கூட்டின் சுவரெல்லாம் அதிர்ந்தது. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு ஊடாக முன்சுவரைப் பார்த்தபடி இருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் இருப்பதுபோல.

அவள் எஞ்சினை அணைத்தாள். டிக், டிக் என்று உள்ளே கேட்டது. நடுவில் விளக்கும் அணைந்துவிட்டது. யாரோ நகத்தால் பொறுமையாகத் தட்டிக்கொண்டிருப்பதுபோல இருட்டில் அது கேட்டுக்கொண்டே இருந்தது.

"சூடு ஆறுது," என்றேன், எனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

"ஓம்," என்றாள்.

4

படம் வந்து சேர்வதற்குள் லா ஷப்பலில் கதை பரவிவிட்டது. நான் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்களுக்குக் காது இருந்தது. பக்கத்துத் தேநீர்க்கடையிலும் அதே பேச்சு.

"டேர்போ வந்திட்டானாம், கேள்விப்பட்டியளே?"

"எங்கையிருந்து? அவன் லண்டனிலை வேறை குடும்பமாய் இருக்கிறான் எண்டல்லோ கதை."

"உன்ரை வாய்க்கு உப்புப் போடவேணும். அந்தப் பிள்ளை இவ்வளவு காலமும் பொட்டோடை இருக்கு."

"நான் போன மாதம் காரைக் கண்டனான். கடவுளாணை. வில்லியே லே பெல் பஸ்சுக்கு நிக்கேக்கை உறுமிக்கொண்டு போச்சு. கறுப்பு."

"நீ பஸ்சுக்கு நிண்டால் உனக்கு எல்லாம் கறுப்பாய்த்தான் தெரியும். கண்ணாடியை மாத்து."

சிரித்தார்கள். ஆனால் அந்தக் கடையில் நேசன் முன்பு வழமையாக நின்ற வாசல் ஓரத்தை இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்ததை நான் கண்டேன்.

படம் வந்த நாள் சித்திரையில் ஒரு சனி. வசந்தி என்னை வீட்டுக்கே வரச்சொன்னாள். மேசையில் உறை திறக்காமல் இருந்தது. மயூரியும் இருந்தாள். இருபத்தொரு வயது, பல்கலைக்கழகம் போகிறாள். மாரிகாலத்தில் தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தாள். ஏதோ ஒரு கோப்பையில் சூப் குடித்துக்கொண்டு தொலைபேசியைப் பார்த்தபடி எனக்கு பொன்ஜூர் சொன்னாள். தாய் தமிழில் கேட்பாள், மகள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். இந்த நாட்டில் எங்கள் வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகின்றன. என் வீடும் விலக்கல்ல.

நான்தான் உறையைப் பிரித்தேன். கறுப்பு வெள்ளை. மணல் மணலாக இருந்தது. நீண்ட மூக்கு, பொனெற்றின் புடைப்பு, கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஆள். பக்கத்து இருக்கையைச் சட்டப்படி மறைத்திருந்தார்கள், அது ஒரு கறுப்புச் சதுரம். ஓட்டியவர் பின்னால் நன்றாகச் சாய்ந்து, ஒரு கையால் ஸ்ரியரிங்கைப் பிடித்திருந்தார். நீண்ட கழுத்து. தாடை. வெளிச்சம் பட்ட நெற்றி.

அது நேசன். விமான நிலையத்தில் யன்னலுக்குள் தலையை விட்டுச் சிரித்த நேசன். அன்றைய வயதில் இருந்து ஒரு நாள்கூடக் கூடவில்லை. எனக்கு வயதாகிவிட்டது, வசந்திக்கு வயதாகிவிட்டது, இவன் மட்டும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அப்படியே இருக்கிறான் என்றுதான் தோன்றியது.

வசந்தி படத்தைக் கையில் எடுத்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு கொண்டுபோய்ச் சாமித்தட்டில், திறப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தெளிவில்லாத படம்," என்று பிரெஞ்சில் சொன்னாள் மயூரி. சொல்லும்போது படத்தைப் பார்க்கவில்லை.

5

ஸ்ரேசனுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் விடுவதாக மயூரி தானாகக் கேட்டாள். அதிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. தெருவிளக்குக் கம்பத்தடியில் அவள் திரும்பியபோது அந்தத் தாடை மறுபடி தெரிந்தது, மீதியும் விளங்கிவிட்டது.

"நீதானே?"

அவள் தலையாட்டினாள். அவள் சொன்னது முழுவதும் பிரெஞ்சில். நான் தமிழில் தருகிறேன்.

"ஒருமுறைதான் மாமா. அம்மாவிடம் அதை விற்கச் சொல்ல இருந்தேன். அதற்கு முதல் ஒரு தரம் ஓட்டிப் பார்க்க ஆசை. எங்கே போகிறேன் என்று யோசிக்கவே இல்லை. விமான நிலையத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு வெளிச்சம் அடித்தது. அப்போதுதான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. உடனே திரும்பி வந்து, திறப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்." தெருவைக் கடந்த பிறகு தொடர்ந்தாள். "அம்மா அது அவர் என்று நினைக்கிறாள். நான் இப்போது எப்படிச் சொல்வது? சொன்னால் அவரை நான் கொன்றது மாதிரி ஆகாதா?"

பதில் தெரியாதபோது பெரியவர்கள் செய்வதைப்போல ஒரு சின்னக் குற்றம் கண்டுபிடித்தேன்.

"ஓடிப்போட்டு சீற்றையாவது முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கலாம். நீ பின்னுக்கு விட்டபடி கிடந்தது. அம்மா ஏறேக்கை இழுத்துத்தான் இருந்தவ."

மயூரி நின்றுவிட்டாள்.

"நான் சீற்றைத் தொடவில்லையே மாமா. ஏறினபோதே எனக்கு அளவாக இருந்தது."

ரயிலில் இருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். மயூரி நேசனின் உயரம். வசந்தி அவளுடைய தோளுக்கும் வரமாட்டாள். வெள்ளிதோறும் வசந்தி இறங்கும்போது இருக்கையைப் பின்னால் தள்ளிவிடுவாளாக்கும், நேசன் சொன்ன சொல்லுக்காக. அப்படித்தான் இருக்க வேண்டும். இருக்கை விஷயத்தை அதோடு முடித்துக்கொண்டேன். மீதியிருந்தது ஒன்று. அபராதக் கடிதத்துக்குப் பதில் போடும் தவணை முடியப் போகிறது. ஓட்டியவர் யார் என்று அதில் பெயர் எழுத வேண்டும். ஒன்றும் எழுதாமல் பணத்தைக் கட்டினால் நேசன்தான் ஓட்டினான் என்று அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். அவனுடைய லைசென்ஸில் ஒரு புள்ளியும் வெட்டப்படும். அவன் இன்னும் ஒரு படி உயிரோடு இருப்பான்.

அடுத்த சனிக்கிழமை வசந்தி வரிசையில் நின்று, தன் முறைக்குத்தான் வந்தாள். நான் சொல்ல வேண்டியதை எப்படித் தொடங்குவது என்று தொண்டையைச் செருமினேன்.

"எழுதுங்கோ அண்ணை," என்றாள். "ஓடினது மயூரி. அவளின்ரை பெர்மி இலக்கமும் கொண்டந்திருக்கிறன்."

"அவள் சொன்னவளோ?"

"இல்லை. படத்திலை பெல்ட் போட்டிருந்தது. நெஞ்சுக்குக் குறுக்காலை வெள்ளையாய்த் தெரிஞ்சுது. அந்த மனிசன் என்ரை கலியாணத்தண்டுகூடப் போடேல்லை."

நான் படத்தில் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் பட்டியைப் பார்த்திருக்கிறாள். சிரிக்க வந்தது. அவள் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மற்றது அண்ணை, கோயிலிலை கேட்டு ஒரு நாள் பாருங்கோ. அவருக்குச் செய்யவேண்டியதைச் செய்வம்."

என்னால் நம்ப முடியவில்லை. "படம் அவர் இல்லையெண்டதாலையோ?"

"படத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

"பேந்து?"

"அண்ணை, வெள்ளிக்கிழமை நான் காரிலை ஏறினால் சீற்றை முன்னுக்கு இழுப்பன். கண்டனீங்கள்."

"ஓம். இறங்கேக்கை திருப்பிப் பின்னுக்குத் தள்ளிவிடுவாய், அப்பிடித்தானே?"

"இல்லை," என்றாள். "நான் தள்ளுறேல்லை. ஒரு நாளும் தள்ளினதில்லை. இழுத்த இடத்திலைதான் விட்டிட்டு வாறனான்."

கடையின் முன்பக்கம் யாரோ கருவாட்டு விலைக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது.

"முதல் மூண்டு வருசம் விட்ட இடத்திலைதான் இருந்தது. பேந்து ஒரு வெள்ளிக்கிழமை ஏறினன். கால் எட்டேல்லை. கடைசி மட்டும் பின்னுக்குப் போயிருந்தது. இழுத்து வைச்சிட்டு வந்தன். அடுத்த வெள்ளியும் பின்னுக்கு. அண்டையிலை இருந்து ஒவ்வொரு வெள்ளியும்."

"எந்த வெள்ளி அது? முதல் நாள்? எந்த மாதம்?" நான் கிட்டத்தட்ட எழுந்துவிட்டேன்.

"கோடை துவங்கிற நேரம். திகதி ஞாபகமில்லை. நான் உங்களைப்போல எழுதி வைக்கிறேல்லை அண்ணை."

"ஏன் இவ்வளவு காலமும் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"சொன்னால் வாறதை விட்டிடுவார் எண்டு பயம்." கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டாள். "உயிரோடை இருக்கிற மனிசன் எண்டால் மேலை வந்து கதவைத் தட்டியிருப்பார். பிள்ளை எவ்வளவு வளந்திட்டாள் எண்டு பாத்திருப்பார். சாப்பிட என்ன இருக்கெண்டு கேட்டிருப்பார். காரிலை மட்டும் வந்து இருந்திட்டுப் போறவரை எப்பிடி அண்ணை இருக்கிறார் எண்டு சொல்லுறது? எனக்கு அது தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் இருந்தனான். இப்ப பிள்ளையும் அதே சீற்றிலை ஏறி அதே றோட்டாலை போட்டு வந்திருக்கிறாள். அது போதும்."

பத்திரத்தில் மயூரியின் பெயரை எழுதினேன். கையெழுத்து இடத்தில் வழமையாக நேசனின் பெயரை எழுதும் வசந்தி, அன்று தன் பெயரை எழுதினாள்.

6

கோயிலில் குருக்கள் ஐயா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இறந்த திகதி?" என்று கேட்டார்.

என்னிடம் யாரும் திகதி கேட்டு நான் பதில் இல்லாமல் நின்றது அதுவே முதல் தரம். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். "இப்ப கன பேர் இப்பிடித்தான் வருகினம். திகதி தெரியாட்டி ஆடி அமாவாசை. தகப்பனுக்கு உரிய நாள் அது, ஒருத்தரும் பிழை சொல்லேலாது. செய்யிறதுக்கு ஆம்பிளைப் பிள்ளை இருக்கோ?"

"ஒரு மகள்."

"இருக்கட்டும். இஞ்சை வேறை ஆர் இருக்கினம்? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அந்த அமாவாசையன்று, உடல் இல்லாததால், ஐயா தர்ப்பையால் ஓர் உருவம் செய்தார். மயூரி கடன் வாங்கிய சேலையில், ஒட்ட வெட்டிய தலையோடு, தாம்பாளத்தின் முன்னால் இருந்தாள். ஐயா சொல்லச்சொல்ல மந்திரத்தை ஒவ்வொரு துண்டாகத் திருப்பிச் சொன்னாள். தகப்பன் பெயர் கேட்டார், சொன்னாள். தகப்பனின் தகப்பன் பெயர் கேட்டார், சொன்னாள். அதற்கு மேல் ஒரு தலைமுறை கேட்டபோது திரும்பி என்னைப் பார்த்தாள். என் குறிப்புகள் அன்று ஒருவருக்கு உதவின. எள்ளும் தண்ணீரும் அவள் விரல் வழியாக இறங்கும்போது அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. முடிந்து வெளியே வந்ததும் தாயிடம், "அம்மா, பசிக்குது," என்றாள். தமிழில்.

வசந்தி பொட்டை அழிக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டாள். அது உன் விருப்பம் என்றேன். அழிக்கவில்லை. நீதிமன்ற மனுவும் இப்போது போட்டிருக்கிறாள். அங்கே ஓர் எழுதுவினைஞர் பெண்மணி கோப்பைப் புரட்டிவிட்டு, இவ்வளவு காலமாகக் காணாமல்போனவர் போன ஆண்டு எப்படிக் காருக்குக் காப்புறுதி கட்டினார் என்று கேட்டிருக்கிறார். அதை விளக்க நான் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை.

அமாவாசை முடிந்து அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை வசந்தி என்னை வரச்சொன்னாள். மயூரியும் வந்தாள், தாயோடு முதல் தடவையாக. இரும்புக் கதவைத் தூக்கினோம். நசிந்த தேசிக்காய்களை அதற்கு முன்பே யாரோ கூட்டி அள்ளியிருந்தார்கள். மயூரி என்று நினைக்கிறேன். வசந்தி காரின் கதவைத் திறந்து ஏறினாள்.

நான் அந்தக் கரகரச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

அவள் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். கால் பிரேக்கில் இருந்தது. விளக்கு அணைந்தது. பொத்தானை அழுத்த ஒருவரும் போகவில்லை.

"சீற் நான் விட்ட இடத்திலைதான் இருக்கண்ணை," என்றாள் இருட்டுக்குள்.

பிறகு அழத் தொடங்கினாள். இத்தனை ஆண்டுகளில் அவள் அழுது நான் கேட்டது அதுவே முதல் தரம். மயூரி தடவித் தடவிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து தாய்க்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நான் சுவரோடு நின்றேன். அன்று எஞ்சினை யாரும் ஸ்ராட் பண்ணவில்லை. என் குறிப்புகளில் நேசனின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த வெறும் தாளில், அந்த வெள்ளிக்கிழமையின் திகதியை எழுதினேன்.